பேர்னாட்டின் மெசினுக்குப் பிடித்த கறள்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குப் பாண்காரன் திறீவீலரில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருவான். நாங்கள் எல்லாரும் கோதுமைப் பாணை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவோம். பக்கத்து வீட்டு பேர்னாட் மட்டும் வாசற்படியில் ஒரு சின்னத் தராசை வைத்து, பாணை நிறுத்துப் பார்த்த பிறகுதான் அவனைப் போகவிடுவார். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது ஊர் வழக்கம். பேர்னாட் செவுளைப் பார்த்துவிட்டு மீன்காரனின் முகத்தையும் ஒருதரம் பார்ப்பார். அதில் என்ன தெரியுமோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

அவர் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளின் முன்னால் நின்று, சீல் உடைபட்டிருக்கிறதா, ஓரம் நெளிந்திருக்கிறதா, உள்ளே சொன்ன சாமான் சொன்னபடி இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. ஒருவரையும் நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். வேலையில் நல்ல பெயர். ஓய்வு பெற்ற பிறகு சந்தேகப்படுவதற்குக் கப்பல் இல்லை. அதனால் கைக்கு எட்டியவர்களை வைத்துச் சமாளித்தார்.

இதே ஒழுங்கை பிறெடியோடு வருடக்கணக்காக ஓமிச் சீட்டு விளையாடியவர், ஒருநாள் பிறெடி துருப்புச் சீட்டை மடிக்குள் வைத்திருந்தார் என்றார். பிறெடி சீட்டுக் கட்டை மேசையில் போட்டுவிட்டுப் போனவர்தான், இன்றுவரை எதிரில் கண்டால் மற்றப் பக்கம் நடக்கிறார். சொந்த மச்சானோடு ஒரு தண்ணீர் மோட்டரால் கதை பேச்சில்லை. இப்படிக் கழிந்து கழிந்து, கடைசியில் பேர்னாட்டுக்குச் சிநேகிதர் என்று ஒருவர்தான் மிஞ்சினார். அவர் வெள்ளவத்தை ஜவாத். அந்த ஒருவரையும் இவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நான் புளோறன்ஸ். பேர்னாட்டின் மனைவி பிறிஜெற்றும் நானும் இடையிலுள்ள மதிலுக்கு மேலால் கதைத்துக் கதைத்தே கிழவிகளானவர்கள். அவள் எனக்கு எதையும் மறைத்ததில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர.

மகள் ரொஷேல் மெல்பனிலிருந்து வந்திருந்தபோது, அப்பா வீட்டில் இருந்துகொண்டு அம்மாவின் உயிரை எடுக்காமல் இருக்கட்டும் என்று ஒரு சி.என்.சி மெசினை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். தையல் மெசினைவிடக் கொஞ்சம் பெரிது. கம்பியூட்டரில் படத்தைக் கொடுத்தால், மேலே சுற்றும் கூரான பிட் இறங்கி, மரத்திலும் அலுமினியத்திலும் அதைக் குடைந்து எடுக்கும். குசினிக்குப் பின்னால் இருந்த சாமான் அறையை பேர்னாட் கழுவி வெள்ளையடித்து அதற்கு ஒதுக்கினார். முதலில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெயர்ப் பலகை வெட்டித் தந்தார். எழுத்தெல்லாம் குளிரில் நடுங்கிய மாதிரி இருந்தது. நான் நன்றாக இருக்கிறது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், நம்பவில்லை.

அதிலிருந்து தொடங்கியது திருத்த வேலை. மெசினோடு வந்த சின்ன மோட்டரைக் கழற்றிவிட்டுப் பெரிய மோட்டர் போட்டார். பிறகு அதை ஓட்டும் போர்டை மாற்றினார். பிறகு வயர்களை மாற்றினார். கொஞ்ச நாளில் பழைய மெசினில் மிச்சமிருந்தது அடிச்சட்டமும் கம்பெனி ஸ்டிக்கரும்தான். அப்படியும் எழுத்து நடுங்கியது. மேசை முன்னும் பின்னும் ஓடுவது இரண்டு மெல்லிய உருண்டைத் தண்டுகளில், அவை வளைந்து கொடுக்கின்றன என்று ஜவாத்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

ஜவாத்துக்குப் புறக்கோட்டையில் பெயாரிங் கடை. வெள்ளவத்தையில் வீடு, மேல்மாடியில் அவருக்கும் இதே மாதிரி ஒரு மெசின். பேர்னாட் முதன்முதலாக அங்கே ஒரு பெயாரிங் வாங்கப் போனபோது, காசைக் கொடுக்க முன்னம் சட்டைப் பையிலிருந்து வேணியரை எடுத்து அளந்திருக்கிறார். மற்றக் கடைகளில் இதற்கு முகத்தைச் சுளிப்பார்கள். ஜவாத் சுளிக்கவில்லை. உள்ளே போய்த் தன்னுடைய அளவுக் கருவியைக் கொண்டுவந்து, “இதாலயும் ஒருக்கா அளந்து பாருங்க அண்ணன், ஒங்கடது கொஞ்சம் கூடக் காட்டுது” என்றாராம். பேர்னாட் வீட்டுக்கு வந்து பிறிஜெற்றிடம், “இண்டைக்கு ஒரு மனுசனக் கண்டனான்” என்று சொன்னார். முப்பத்தைந்து வருடக் கலியாண வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை என்று பிறிஜெற் எனக்குச் சொன்னாள்.

பிறகு சனிக்கிழமைகளில் ஜவாத் தன் சாமான் பையோடு வருவார். இருவரும் அந்தச் சின்ன அறைக்குள் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்தான் வெளியே வருவார்கள். பிறிஜெற் அவருக்கென்று மீன் சமைப்பாள்; இறைச்சி வாங்கினால் ஹலால் கடையில் வாங்குவாள். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் பகுதியில் இது சின்ன விசயமில்லை. கோயில்களில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறு எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டைக் காலி பண்ணியது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வருடக்கணக்காகத் துணி விற்க வந்த முஸ்லிம் மனிதரையே ஒழுங்கைக்குள் விடவேண்டாம் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அப்போது வாசலில் இறங்கி நின்று, “அந்தாள் என்ன செஞ்சது? செஞ்சவனுக்கும் இவருக்கும் என்ன?” என்று சண்டைக்குப் போனவர் பேர்னாட். பாணை நிறுக்கும் இந்த மனிதர் அதிலே மட்டும் நேராக நின்றார். அதற்காகவே அவருடைய மற்றக் குணங்களையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன்.

இனி மெசின். ஒருநாள் பிட் உடைந்து தெறித்து பேர்னாட்டின் மூக்குக் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி வெடித்தது, கண் தப்பியது. அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்து வெடித்த கண்ணாடியைக் காட்டினார். பிறிஜெற் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த மெசின் ஓடும் சத்தம் கேட்டால் அவள் கையில் செபமாலை இருக்கும். அவர் கவனிக்கவில்லை. அவர் கவனம் முழுக்க அந்த உருண்டைத் தண்டுகளை எடுத்துவிட்டு லீனியர் ரெயில் போடுவதில் இருந்தது. அது வளையாத சதுர இரும்புத் தண்டவாளம். அதன் மேல் சின்ன உருக்குக் குண்டுகள் வைத்த கட்டை வழுக்கிக்கொண்டு ஓடும். சந்தையில் போலி நிறைய இருந்ததால், ஜவாத் தெரிந்த இறக்குமதிக்காரரிடம் சொல்லி ஒரிஜினல் எடுப்பித்தார்.

பூட்டிய சனிக்கிழமை எனக்கும் நல்ல ஞாபகம், பிறிஜெற் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பெட்டியை உடைத்து ரெயில்களை எடுத்து வைத்த கையோடு பின்னேரத் தொழுகை நேரம் வந்தது. ஜவாத் பள்ளிக்குப் போய் வரவா என்று கேட்க, பேர்னாட், “என்னத்துக்கு வெயில்ல போறீங்க? இங்கயே தொழுங்க” என்றார். வீட்டுக் கூடத்தில் மாதா படமும் யூதா ததேயு சுருவமும் இருந்தபடியால், பிறிஜெற் மெசின் அறையைக் கூட்டி ஒரு புதுப் பாயை விரித்துக் கொடுத்தாள். ஜவாத் கதவைச் சாத்திக்கொண்டு தொழுதார். நாங்கள் வெளியே குரலைத் தாழ்த்திக் கதைத்தோம். அவர் வந்து தேத்தண்ணி குடித்த பிறகு ரெயில்களைப் பூட்டி மெசினை ஓடவிட்டார்கள். அலுமினியத் தகட்டில் பிறிஜெற்றின் பெயர் மயிர்க் கோடு பிசகாமல் விழுந்தது. பேர்னாட் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அளக்கவில்லை. அந்த மனிதர் ஒரு சாமானை அளக்காமல் ரசித்ததை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

சில வாரம் நன்றாகப் போனது. பிறகு எழுத்துகளில் ஒரு சின்னப் பிசிறு வரத் தொடங்கியது, ஒவ்வொரு தகட்டிலும் அதே இடத்தில். பேர்னாட் மேசையைக் கையால் தள்ளிப் பார்த்தார். ஒரு இடத்தில் மணல் பட்டது போல் கரகரத்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் ரெயிலின் மேல் கறள், செந்நிறத் துரு பொட்டுப் பொட்டாக.

ஜவாத்தைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார். ஜவாத், “கடல் காத்தாக்கும் அண்ணன், ஹாபர் பக்கத்தில தானே ஈக்கிறீங்க. தொடச்சி ஒயில் போடுங்க” என்றார். துடைத்து எண்ணெய் போட்டார். மறுபடி வந்தது, முன்னைவிடக் கூடுதலாக. பழைய தண்டுகள் அதே அறையில் ஒரு பொட்டுக் கறள் இல்லாமல் இருந்தனவே, அப்போது கடல் காற்று லீவில் போயிருந்ததா என்று பேர்னாட் தனக்குள் கேட்டார். ஜவாத் ஒரு படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, “கறள் ஏன் அண்ணன் கதவுப் பக்கம் மட்டும் ஈக்கிது? மத்தப் பக்கம் சுத்தமா ஈக்கிதே” என்று கேட்டார். நல்ல கேள்வி. வேறு யாராவது இருந்தால் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். பேர்னாட்டுக்கு அது பேச்சை மாற்றுகிற கேள்வியாகப் பட்டது.

சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்தால் அவரிடம் அது சும்மா இருக்காது. கறள் பிடித்த ரெயிலில் ஒன்றைக் கழற்றி, கடதாசியில் சுற்றி, புறக்கோட்டையில் இன்னொரு கடைக்குக் கொண்டு போனார். போட்டிக் கடைக்காரனிடம் போய் மற்றக் கடைச் சாமான் நல்லதா என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? “மேக்க ஒரிஜினல் நெமெய், அங்கிள்” என்றானாம் அவன், தூக்கிக்கூடப் பார்க்காமல். இது ஒரிஜினல் இல்லை என்ற அந்த ஒரு வார்த்தை பேர்னாட்டுக்குப் போதுமாக இருந்தது. பாண்காரனை நம்பாதவர், மச்சானை நம்பாதவர், முன்பின் தெரியாத அந்தக் கடைக்காரனை மட்டும் நம்பினார். எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

அங்கிருந்து நேராக ஜவாத்தின் கடைக்குப் போனார். கடையில் வேலையாட்கள் இருந்தார்கள், சாமான் வாங்க வந்த இரண்டு மூன்று பேரும் நின்றார்கள். அதையும் பார்க்கவில்லை. ரெயிலை மேசையில் வைத்து, “இது போலி” என்றார்.

ஜவாத் எடுத்துப் பார்த்தார். “இல்ல அண்ணன், நான் கையால பெட்டி ஒடச்சி எடுத்தது. ஒங்களுக்கு முன்னாலதானே ஒடச்சன்.”

“பெட்டியில இருந்தது ஒரிஜினல்தான். அத நான் பாத்தனான்.”

“அப்ப?”

“அண்டைக்கு நீங்க தொழப் போறன் எண்டு கதவச் சாத்தினீங்க. உள்ளுக்க நான் இருக்கேல்ல. வெளிய வரேக்க பையும் உங்கட கையிலதான் இருந்தது.”

இதை பேர்னாட் வீட்டுக்கு வந்து தன் வாயாலேயே பிறிஜெற்றிடம் சொன்னார், ஒரு கள்ளனைப் பிடித்த மாதிரி. பிறிஜெற் உடனே மதிலடிக்கு வந்து எனக்குச் சொன்னாள். “தொழுதத இழுத்திருக்கிறார் புளோறன்ஸ் அக்கா. அதையா இழுக்கிறது?” என்றாள். சாமான் போலி என்று சொல்லியிருந்தால் அது வியாபாரத்தில் சகஜம். ஒரு மனிதன் இறைவனுக்கு முன்னால் குனிந்த நேரத்தைக் கள்ள நேரம் என்று சொல்வதா? 2019இல் ஒழுங்கையில் நின்று சண்டை போட்ட அதே வாய்தான் இதையும் சொன்னது.

ஜவாத் என்ன செய்தார் என்று கேட்டேன். கடையில் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, ரெயிலை எடுத்துக் கடதாசியில் திரும்பச் சுற்றினாராம். பிறகு, “சரி அண்ணன், மத்ததையும் கழட்டி வைங்க” என்று மட்டும் சொன்னாராம்.

அடுத்த நாள் அவர் கடை ஆள் ஒரு பொதியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மற்ற ரெயிலையும் வாங்கிக்கொண்டு போனான். பொதிக்குள் எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய ரெயில்கள். புதியவை இல்லை. பேர்னாட் போனில் கேட்டபோது, ஜவாத் தன்னுடைய சொந்த மெசினில் இருந்து கழற்றியவை என்றார். “கன காலம் ஓடினது, ஒரு பொட்டுக் கறள் இல்ல. நீங்களும் பாத்திருக்கிறீங்க. ஒங்கடத இறக்கின ஆளுக்குக் காட்டப் போறன். அதுவரைக்கும் இத போடுங்க.” அவ்வளவுதான் பேச்சு. சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லவில்லை.

பேர்னாட் தனியாக அவற்றைப் பூட்டினார். ஒரு ரெயிலை நேராக வைத்தால் மற்றது கோணியது. மூன்று நாள் வேலை. பிறிஜெற் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் போனாள். கடைசியில் ஒருவழியாக ஓடவைத்தார். பத்து நாள்கூட இருக்காது, ஜவாத்தின் ரெயிலிலும் அதே இடத்தில் கறள் வந்தது.

இதற்கு மேல் போலி என்று சொல்ல முடியாது. அந்த ரெயில் வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த மாடியில், பளபள என்று ஓடியதைத் தன் கண்ணாலேயே கண்டவர். அப்படியானால் கறளை யாரோ கொண்டுவருகிறார்கள். உடனே பேர்னாட்டின் துறைமுக மூளை வேலை செய்தது. காலைப் பூசைக்குப் போகும்போது மெசின் அறைக் கதவுக்கும் நிலைக்கும் இடையில், கீழே, ஒரு வெள்ளை நூலைப் பசையால் ஒட்டிவிட்டுப் போனார். கண்டெயினருக்கு சீல் வைத்த மாதிரி. திரும்பி வந்து குனிந்து பார்த்தார். நூல் அறுந்திருந்தது.

வீட்டில் இருப்பது இரண்டு பேர். அந்த அறைக்குள் தூசி தட்டவும் வரக்கூடாது என்று பிறிஜெற்றுக்குக் கண்டிப்பான கட்டளை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பூசைக்குப் போவதுபோல் புறப்பட்டு, பின்பக்கத்துக் குறுக்கு ஒழுங்கையால் சுற்றி, குசினிக் கதவால் சத்தமில்லாமல் உள்ளே வந்தார். தன் சொந்த வீட்டுக்குள்ளேயே கள்ளன் மாதிரி வந்தார் என்று பிறிஜெற் பிறகு சொல்லி அழுதாள்.

மெசின் அறைக் கதவு திறந்திருந்தது. பிறிஜெற் கதவடியில் நின்றுகொண்டு, இடது கையில் ஒரு போத்தலை வைத்து, வலது கையால் தண்ணீரை ஊற்றி ஊற்றி மெசினுக்குத் தெளித்துக்கொண்டிருந்தாள். வாய் செபத்தை முணுமுணுத்தது. போத்தலில் இருந்தது கோயில் தீர்த்தம்.

பேர்னாட் அவள் கையைப் பிடித்தார். போத்தலில் இருந்து ஒரு துளியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். கரித்தது.

எங்கள் கோயிலில் தீர்த்தத் தண்ணீருக்கு மந்திரித்த உப்புப் போடுவது பழைய வழக்கம். சின்ன வயதில் பீடத்தில் உதவிக்கு நின்று, பூசை வைக்கும் சுவாமிக்கு அந்த உப்புத் தட்டை ஏந்திப் பிடித்தவர் இதே பேர்னாட். புது வாகனம் வாங்கினாலும் புது வீடு குடிபோனாலும் தீர்த்தம் தெளிக்காமல் விடமாட்டோம். பிட் உடைந்து கண்ணுக்கு வந்த நாளில் இருந்து பிறிஜெற்றுக்கு அந்த மெசினில் நம்பிக்கை இல்லை. புது ரெயில் பூட்டி அது இன்னும் வேகமாகச் சுற்றத் தொடங்கியதும் பயம் கூடி, இவர் பூசைக்குப் போகும் நேரம் பார்த்துத் தினமும் தெளித்திருக்கிறாள். சொன்னால் கத்துவார் என்று சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை, நான் வாய் தவறிச் சொல்லிவிடுவேனாம். கறள் வந்து அவர் முகம் கறுத்ததும், மெசினுக்குக் கண்ணூறு பட்டுவிட்டது என்று நினைத்து, கோயிலில் கேட்டு வாங்கிய மந்திரித்த உப்பில் இன்னும் ஒரு பிடியைக் கரைத்துவிட்டாள். கறள் கூடக் கூட இவள் தெளிப்பும் கூடியது.

“நீங்க கண்ணோட இருக்கோணும் எண்டுதானே செஞ்சனான்” என்றாள். பேர்னாட் கத்துவார் என்று அவள் காத்திருந்தாளாம். அவர் கத்தவில்லை. அந்தச் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, “ஜவாத்திட்ட நான் என்ன கதைச்சிட்டு வந்தனான் பிறிஜெற்” என்றார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. நான் அந்த மனிதரை எவ்வளவு திட்டினாலும், அவர் அழுதார் என்று கேட்டபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அன்றைக்கே பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனார். ஜவாத்தின் மனைவி ஜெஸீமா கதவைத் திறந்து, வழக்கம்போல் உள்ளே இருக்கச் சொல்லி, பிளேன்டீ கொடுத்தாள். அவளுக்கு விசயம் தெரியாது. ஜவாத் வீட்டில் சொல்லவில்லை. அது பேர்னாட்டை இன்னும் சுட்டது. ஜவாத் மாடியிலிருந்து இறங்கி வந்ததும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார், நூல் ஒட்டியது வரைக்கும்.

தீர்த்தம் என்றதும் ஜவாத் சிரித்துவிட்டார். வாய்விட்ட, நல்ல சிரிப்பு. “பிறிஜெற் அக்காக்கு ஒண்டும் ஏசாதீங்க. தெளிக்கிறதெண்டா தெளிக்கட்டும், பொறகு தொடச்சி ஒயில் போடச் செல்லுங்க” என்றார். பிறகு, “உப்புத் தண்ணி எண்டு எனக்கு முந்தியே தெரியும் அண்ணன். ரெயிலப் பாத்து இறக்கின ஆள் சென்னான். சாமான் ஒரிஜினல், உப்புத் தண்ணி பட்டிருக்கு எண்டு.”

“அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

“நான் என்ன செல்லியும் நீங்க நம்பல்ல தானே” என்றார் ஜவாத். கோபமாக இல்லை, மழை பெய்கிறது என்று சொல்வதுபோல்.

பேர்னாட், “நான் கதைச்சது பிழை. மன்னிக்கோணும்” என்றார். அந்தச் சொல்லை அவர் பிறெடிக்கும் சொன்னதில்லை, மச்சானுக்கும் சொன்னதில்லை. ஜவாத் அவர் தோளில் கையை வைத்து, “அத உடுங்க” என்றார். சனிக்கிழமை வந்து ரெயிலை நேராக்கித் தருவதாகவும் சொன்னார். பேர்னாட் பஸ்ஸில் திரும்பி வந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று பிறிஜெற்றிடம் சொன்னார். அவள் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை என்னையும் கூப்பிட்டார்கள். பிறிஜெற் சீலா மீன் குழம்பு வைத்து, அறையைக் கூட்டி, அந்தப் பாயையும் எடுத்து வெயிலில் உதறி வைத்திருந்தாள். ஜவாத் அவருடைய கறுப்பு ரெக்சின் பையோடு வந்தார். எங்கள் எல்லாரையும் சுகம் விசாரித்தார். பிறிஜெற்றைப் பார்த்து, “அக்கா, போத்தல் எங்க?” என்று பகிடி விட்டார். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். பழைய சனிக்கிழமை வந்துவிட்டது என்றே நான் நினைத்தேன்.

அறைக்குள் போனதும் ஜவாத், பையில் இருந்த சாமான் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினார். வழக்கமாகத் தேவையானதை மட்டும்தான் எடுப்பார். பேர்னாட் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது ஜவாத்தும் கையைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே வந்து கூடத்தில் நின்றார். பேர்னாட் திரும்பிப் போனபோதுதான் அவரும் போனார். ரொஷேல் மெல்பனில் இருந்து போன் எடுத்தபோதும் அப்படித்தான். பேர்னாட் போனோடு முன்வாசலுக்குப் போக, ஜவாத் வேலையை விட்டுவிட்டு வந்து என்னருகில் உட்கார்ந்தார். “நீங்க செய்யுங்களன் தம்பி” என்றேன். “அண்ணன் வரட்டும்” என்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் அந்த அறையில் தனியாக ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை.

தொழுகை நேரம் வந்தது. பிறிஜெற் பாயை எடுத்துக்கொண்டு வந்தாள். ஜவாத் சிரித்தபடி, “இல்ல அக்கா, பள்ளி கிட்டத்தானே” என்று செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். பையைக் கொண்டு போகவில்லை. எல்லாரும் பார்க்கும்படி கூடத்துக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார். பிறிஜெற் பாயை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். பேர்னாட் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

ஜவாத் பள்ளியால் வந்து வேலையை முடித்தார். பழுது பார்த்துத் துடைத்த பேர்னாட்டின் ரெயில்கள் மறுபடி மெசினில் ஏறின. மேசை எண்ணெயில் ஓடுவதுபோல் ஓடியது. ஒரு தகட்டை வெட்டிப் பார்த்தார்கள். எழுத்துச் சுத்தமாக விழுந்தது. ஜவாத் தன்னுடைய கறள் பிடித்த ரெயில்களைக் கடதாசியில் சுற்றினார். சாவி, ஸ்பேனர், அளவுக் கருவி எல்லாவற்றையும் பைக்குள் அடுக்கினார். அடுக்கிவிட்டு சிப்பை இழுக்கவில்லை. பையைத் தூக்கி பேர்னாட்டுக்கு முன்னால் மேசையில் வைத்து, அதன் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

“பாருங்க அண்ணன்.”

“என்ன ஜவாத் இது. மூடுங்க.”

“ஒண்டுமில்ல. பாத்திட்டா ஒங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.”

குரலில் ஒரு குத்தல் இல்லை. இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று எனக்குப் பட்டது. பேர்னாட் தலையைத் திருப்பத்தான் பார்த்தார், அதை நான் கண்டேன். முகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகவும் தொடங்கிவிட்டார். ஆனால் கண் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்கத் திறந்த பெட்டிகளைப் பார்த்துப் பழகிய கண், அது பைக்குள் இறங்கி, ஸ்பேனரில் தொட்டு, கடதாசிச் சுற்றில் தொட்டு, மூலைக்குப் போய்த் திரும்பி வந்தது. ஜவாத் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே அசையாமல் நின்றார். அது வெளியே வரும்வரைக்கும் பொறுத்திருந்தார்.

“சரிதானே அண்ணன்?” என்று கேட்டார்.

“சரி” என்று பேர்னாட் சொல்லிவிட்டார்.